புல்லிங் இல்லை: மைசூர் ஜாவாவின் கதை

"வண்டி ஓடுது, ஆனா புல்லிங் இல்லை." நம்மூர் மெக்கானிக் யாரிடம் போய் இதைச் சொன்னாலும், விவரமான ஆளாக இருந்தால் உடனே திருப்பிக் கேட்பார்: "புல்லிங் இல்லையா, பிக்கப் இல்லையா?" இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பிக்கப் என்றால் திருகினவுடன் துள்ளுவது. புல்லிங் என்றால் பின்னால் ஆள் உட்கார்ந்து, மேடு ஏறும்போது திணறாமல் இழுப்பது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். நான் இங்கே மிச்சிகனில் இன்ஜின் காலிப்ரேஷன் வேலையில் இருக்கிறேன். லேப்டாப்பைச் செருகினால் நூறு அளவீடுகள் திரையில் ஓடும் காலம் இது. ஆனாலும் "சக்தி குறைகிறது" என்று ஒரு வண்டி வந்து நின்றால், என் மனசு போவது மைசூரில் செய்த ஒரு டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளிடம்தான். அந்த வண்டியின் கதையும், அதைச் செய்த தொழிற்சாலையின் கதையும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். ஜாவா என்றவுடன் இந்தோனேசியத் தீவு என்று நினைப்பவர்கள் உண்டு (பொட்டி தட்டுகிறவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும்). இது செக் நாட்டுச் சரக்கு. பிராகில் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்த பிரான்டிஷெக் யானெசெக் 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் தொழிலை வாங்கினார். யானெசெக்கின் முதல் இரண்டு எழுத்து, வாண்டரரின் முதல் இரண்டு எழுத்து, இரண்டும் சேர்ந்து ஜாவா. இரண்டாம் உலகப் போரில் செக் நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, அந்தக் கம்பெனி எஞ்சினியர்கள் திருட்டுத்தனமாக ஒரு 250 சிசி வண்டியை வடிவமைத்தார்கள். சோதனை ஓட்டத்தின்போது பார்ப்பவர்கள் சந்தேகப்படாமல் இருக்க அதில் ஜெர்மன் டிகேடபிள்யூ பெயரை ஒட்டினார்களாம். போர் முடிந்து 1946இல் அது பாரிஸ் கண்காட்சியில் வெளிப்பட்டது. அதன் அடுத்த தலைமுறை, 1954இல் வந்த 353 என்ற எண் கொண்ட மாடல். மைசூருக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

வந்த வழி இப்படி. பம்பாயில் இரானி குடும்பத்தார் ஐடியல் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஜாவாக்களை இறக்குமதி செய்து விற்றுவந்தார்கள். 1950களில் முழு வண்டி இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. விற்க வேண்டுமானால் இங்கேயே செய். அந்தக் காலத்து இந்தியாவில் கிடைத்த மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள்: திருவொற்றியூரில் இங்கிலாந்துக்காரனின் என்ஃபீல்ட், வடக்கே போலந்து வடிவமைப்பில் ராஜ்தூத், தெற்கே செக் ஜாவா. உலகம் ரெண்டு முகாமாகப் பிரிந்து நின்ற நேரத்தில் நாம் ரெண்டு பக்கமும் கை நீட்டி வண்டி வாங்கியிருக்கிறோம்.

ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் சேர்ந்து தொடங்கிய ஐடியல் ஜாவா கம்பெனி மைசூரின் யாதவகிரியில் இடம் பிடித்தது. 1961இல் உற்பத்தி தொடங்கியது. ஆலையைத் திறந்துவைத்தவர் ஜெயசாமராஜ உடையார். மன்னராக இருந்து, அப்போது மைசூர் மாநில கவர்னராக இருந்தவர். மைசூர் என்றால் தசரா, பட்டு, சந்தனம் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் 1902இலேயே சிவசமுத்திரத்தில் நீர்மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பிய சமஸ்தானம் அது. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த ஊர். ஒரு மோட்டார் சைக்கிள் ஆலைக்குத் தேவையான மண் ஏற்கெனவே பதப்பட்டுத்தான் இருந்தது. இன்னொரு தகவல்: அதே யாதவகிரியில்தான் ஆர்.கே. நாராயணின் வீடும் இருக்கிறது. 2016இல் அதை அருங்காட்சியகமாக்கினார்கள். அவருடைய "தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி" வெளிவந்ததும் 1961இல்தான். மால்குடியின் அமைதியை மைசூரில் கலைத்த முதல் சத்தம் ஜாவாவின் டப்-டப்பாக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் :-)

சரி, வண்டிக்கு வருவோம். 65 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், 250 சிசிக்கு ஒரு இம்மி குறைவு. சுமார் 12 குதிரைசக்தி. இன்றைக்கு 125 சிசி வண்டியே அந்த அளவு கொடுக்கிறது, சிரிக்காதீர்கள். அந்த 12 குதிரையும் குறைந்த வேகத்திலேயே கைக்கு வந்துவிடும் என்பதுதான் விசேஷம். இடதுபக்கம் ஒரே லீவர்: உள்ளே தள்ளி நிமிர்த்தினால் கிக்கர், படுக்கவைத்தால் கியர். கியர் போடும்போது கிளட்ச் தானாகவே விடுபடும். ஒரே சிலிண்டர், ஆனால் புகை வெளியேற இரண்டு வழி, இரண்டு சைலன்ஸர். இந்த இரண்டு சைலன்ஸர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1970களின் தொடக்கத்தில் செக் ஒப்பந்தம் முடிந்து வண்டி யெஸ்டி ஆனது. ஈரானின் யஸ்த் நகரத்து நினைவாக வைத்த பெயர். 1978இல் ரோட்கிங் வந்தது, 16 குதிரைசக்தி. கல்லூரிப் பையன்களின் கனவு வண்டி. கோயம்புத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் எஸ்டேட்காரர்களும் மில் சூப்பர்வைசர்களும் இதை வைத்திருந்தார்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையேறி, சாமராஜநகர் வழியாக மைசூர் போகும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வண்டிக்குப் புல்லிங் இருக்கிறதா இல்லையா என்று தெரிய அதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சக்தி குறைவதைப் புரிந்துகொள்ள அது மூச்சு விடும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல்-காற்றுக் கலவையை உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவையை அழுத்தி, பக்கவாட்டு வழிகளால் மேலே சிலிண்டருக்குள் தள்ளுகிறது. புதுக் கலவை உள்ளே வந்துதான் எரிந்த புகையை வெளியே தள்ள வேண்டும். வால்வு கிடையாது, பிஸ்டனே கதவு. ஆக, கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், புகை போகும் வழி திறந்திருக்க வேண்டும். இதில் எது கெட்டாலும் புல்லிங் போச்சு. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்ஸர் கொஞ்சம் அடைத்தால் பிஸ்டன் முக்கி முனகித் தள்ளிவிடும். இதில் தள்ளுவதற்கு ஆள் இல்லை. பழைய புகை உள்ளேயே தங்கிவிடும், புதுக் கலவைக்கு இடம் இருக்காது.

இன்னொன்று: மசகு எண்ணெய் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 25 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்பது ஜாவா கணக்கு. அந்த எண்ணெய் முழுசாக எரியாது. கரியாகிப் புகைப் போர்ட்டிலும் சைலன்ஸருக்குள் இருக்கும் பேஃபிள் குழாயிலும் படியும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக. ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நேற்றைவிட இன்று குறைந்தது ஒரு மயிரிழை அளவுதான்.

என் மாமா ஒருவர் சத்தியமங்கலத்தில் இருந்தார், 1986 மாடல் ரோட்கிங் வைத்திருந்தார். 1993இல் நான் மைசூரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வண்டியோடு வந்து இறங்கினார். "மாப்ளே, ஏழாவது வளைவுக்கு மேல ஃபர்ஸ்ட் கியர்லதான் வந்தேன். இழுக்கவே மாட்டேங்குது" என்றார். ஊரில் ஒரு பட்டறையில் பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, கடைசியில் ரீபோரே செய்து பிஸ்டனும் மாற்றிவிட்டார்கள். செலவுதான் ஆனது. மண்டி மொகல்லாவில் ஒரு பாய் இருந்தார், ஜாவா என்றால் அவர்தான் என்று கல்லூரியில் சொன்னார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை நினைவிருக்கிறது. முதலில் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று. பிறகு ஒரு ரவுண்டு ஓட்டி, இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்ற நிலை உண்டா என்று பார்த்தார். அப்படி இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜின் பாவம் நிரபராதி. அதுவும் இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளையை ஊதிப் பார்த்தார். அது அடைத்தாலும் மேட்டில் பெட்ரோல் இறங்காமல் வண்டி திணறும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். சாக்லேட் நிறம் நல்லது, வெளுத்திருந்தால் காற்று அதிகம், எண்ணெய் கசிந்த கருப்பு என்றால் வேறு கதை. மாமா வண்டியில் ஈரக் கருப்பு. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் வைத்து அளந்தார், 0.4 மி.மீ., சரியாக இருந்தது.

அப்புறம் வண்டியை ஐட்லிங்கில் விட்டுவிட்டு, பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு சைலன்ஸர் வாய்க்கு நேராகக் காட்டினார். டாக்டர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம். "சார், ரைட் சைடு செத்துப்போச்சு. லெஃப்ட்டு பாதி உயிர்" என்றார் மாமாவிடம்.

இரண்டு சைலன்ஸர் வைத்த வண்டியின் சூது இதுதான். ஒன்று அடைத்தால் இன்னொன்று சுமையைத் தாங்கிக்கொள்ளும். சமதளத்தில், நிதான வேகத்தில் ஓட்டுபவனுக்கு எதுவும் தெரியாது. இரண்டாவதும் பாதி அடைத்த பிறகு, மலை ஏறும்போதுதான் உண்மை வெளியே வரும். பேஃபிளை உருவினார்கள். குழாயின் ஓட்டைகள் இருந்த இடத்தில் தார் போட்ட மாதிரி ஒரே கரி. விறகு அடுப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சித் தட்டினார்கள், பொல பொலவென்று உதிர்ந்தது. சிலிண்டரைக் கழற்றிப் போர்ட்டை மழுங்கின ஹாக்சா பிளேடால் சுரண்டினார்கள். "எவ்ளோ ஆயில் ஊத்துவீங்க?" என்று பாய் கேட்டார். இன்ஜின் நல்லா இருக்கட்டும் என்று மாமா கணக்குக்கு மேலே ஒரு கை தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் இரண்டு பேராகச் சாமுண்டி மலைக்குப் போய்வந்தார்கள். இறங்கி வந்த மாமா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

பாய் அன்று சொன்ன இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு உதவும். கிராங்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் உண்டு. இடதுபக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும்: வெள்ளைப் புகை மண்டும், கியர்பாக்ஸில் எண்ணெய் குறையும், வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்காது. வலதுபக்கம், டைனமோ பக்க சீல் போனால் காற்றை உறிஞ்சும்: ஐட்லிங் தானாக ஏறி இறங்கும், இன்ஜின் சூடேறும், கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேரும் சொல்வது ஒரே புகார், "புல்லிங் இல்லை". மருந்து வேறு வேறு. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் என்பது தனிக்கதை. அந்தக் காலத்தில் அதையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

சக்தியைத் தேடுவதில் மைசூருக்கு ஒரு கிறுக்கே உண்டு என்று சொல்லலாம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஜாவாக்களும் யெஸ்டிகளும் நிரந்தர விருந்தாளிகள். பந்தய வண்டிகளை நோண்டிக்கொண்டிருந்த மைசூர்க்காரரான சோமேந்தர் சிங், சிலிண்டர் ஹெட்டில் சின்னச் சின்னப் பள்ளங்களை வெட்டினால் கலவை நன்றாகச் சுழன்று எரிகிறது என்று சொல்லி, 2001இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். 2004இல் பாப்புலர் சயின்ஸ் பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதில் இங்கே என் துறையில் இருப்பவர்களுக்கு ஒத்த கருத்து இல்லை, எனக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒரு பட்டறையிலிருந்து எரிதல் அறையின் வடிவம்வரை யோசிக்கிற ஆள் அந்த ஊரில் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இனி ஆலையின் கதை. 1996இல் மூடினார்கள். ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஹீரோ ஹோண்டா வந்துச்சு, யெஸ்டி போச்சு." இது பிளக்கை மாற்றிப் பார்க்கிற ரக வைத்தியம் என்பது என் கட்சி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அரசு 100 சிசி வரையிலான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டைத் திறந்துவிட்டது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, பின்னாலேயே கவாசாகி பஜாஜ். லிட்டருக்கு 80 கி.மீ. என்று ஹோண்டா விளம்பரம் செய்தபோது ரோட்கிங்காரர் முப்பது சொச்சத்தில் நின்றார். ஆனால் ஆர்எக்ஸ் 100உம் டூ ஸ்ட்ரோக்தான், அது சக்கைப்போடு போட்டதே? அதே பெட்ரோல், அதே ரோடு, அதே சர்க்கார்.

மைசூர் என்ன செய்தது என்று பார்த்தால் எனக்கு இரண்டு சைலன்ஸர்தான் ஞாபகம் வருகிறது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டிக்கு ஆள் கிடையாது, செய்கிற வண்டி விற்றுவிடும். அந்த ஒரு வழி திறந்திருந்ததால் இன்னொரு வழி, அதாவது புது வடிவமைப்பு என்கிற வழி, அடைபட்டுக்கிடந்தது தெரியவில்லை. 1954இன் செக் இன்ஜினைத்தான் பட்டி பார்த்துப் பட்டி பார்த்து ஓட்டினார்கள். 1983இல் எல்லோரும் சின்ன இன்ஜினை நோக்கி ஓடும்போது அவர்கள் கொண்டுவந்தது 350 சிசி ட்வின். அதே வருஷம் எஸ்கார்ட்ஸும் யமஹா ஆர்டி 350ஐக் கொண்டுவந்தது. இரண்டுமே பெட்ரோல் குடித்து, கணக்குப் பார்க்கும் நடுத்தர வர்க்கத்தை விரட்டின. ஆனால் எஸ்கார்ட்ஸுக்குக் கையில் ஆர்எக்ஸ் 100 இருந்தது. மைசூரிடம் அப்படி ஒரு இரண்டாவது வண்டி இல்லை.

கடைசி அடி புகை விதிகள். 1991இல் முதல் கட்டம், 1996இல் கெடுபிடி. டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவையின் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும், மோசமான நிலையில் முப்பது சதவீதம் வரை. பழைய வடிவமைப்பில் இதைச் சரிசெய்ய வழி குறைவு. இங்கே திருவொற்றியூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புல்லட்டும் 1950களின் சரக்குதான், என்ஃபீல்டும் படுத்தேவிட்ட நிலையில்தான் ஐஷர் கைக்குப் போனது. ஆனால் அது நான்கு ஸ்ட்ரோக், விதிகளைத் தாண்ட முடிந்தது. ராணுவமும் போலீசும் வாங்கினார்கள். பணம் போட ஒரு புது முதலாளி கிடைத்தார். மைசூருக்கு இந்த மூன்றில் ஒன்றாவது வாய்த்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆலை மூடியபோது தெருவில் நின்றது அங்கே இளமையைக் கழித்த தொழிலாளர்கள். கம்பெனி கலைப்புக்குப் போனது, யாதவகிரி நிலமும் கைமாறியது, பாக்கிக்காக வழக்கு வருஷக்கணக்காக நடந்தது. இதற்கிடையில் 2018இல் மஹிந்திராவின் ஆதரவோடு கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற கம்பெனி ஜாவாவைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஜனவரியில் யெஸ்டியையும். அதன் கூட்டாளிகளில் ஒருவர் ருஸ்தம் இரானியின் மகன் போமன் இரானி. வண்டி இப்போது மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் தயாராகிறது. நான்கு ஸ்ட்ரோக், தண்ணீர் குளிரூட்டல், இரண்டு சைலன்ஸர் மட்டும் பழைய ஞாபகத்துக்கு. யெஸ்டி என்ற பெயர் யாருடையது என்ற வழக்கில், 2022 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அது கலைப்பில் இருக்கும் ஐடியல் ஜாவாவுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அதற்குத் தடை வாங்கப்பட்டு வழக்கு மேலும் நீண்டது. வழக்கில் ஒரு தரப்பாகத் தொழிலாளர் சங்கமும் நின்றது என்பதைச் செய்திகளில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெயருக்கு விலை இருக்கிறதென்றால் அந்த விலையில் ஒரு பங்கு, அந்தப் பெயரை டேங்க் டேங்காக ஒட்டி அனுப்பிய கைகளுக்கும் சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா நாள். பெங்களூரு, மைசூரு, கோவை, புனே என்று ஊர் ஊராகப் பழைய வண்டிகள் புகை கக்கிக்கொண்டு கூடும். அந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது பின்பக்கத்தை: இரண்டு குழாயிலும் ஒரே அளவு புகை வருகிறதா என்று.